தாய் புறப்படும்போது அழாத பிள்ளை: பிணைப்புக் கோட்பாட்டைச் சமூகப் பணியில் எப்படிக் கையாள்வது?

தென்னாப்பிரிக்காவில் டர்பனை அடுத்த சாட்ஸ்வொர்த்தில் குழந்தை நலப் பணியில் சேர்ந்து இரண்டாம் ஆண்டில் இருக்கும் ஓர் இளைய சமூகப் பணியாளர் கேட்டிருக்கும் கேள்வி இது. நான்கு வயதுப் பையன் ஒருவன் எட்டு மாதமாக வளர்ப்புப் பராமரிப்பில், அதாவது நீதிமன்ற ஆணையின்படி தற்காலிகமாக வேறொரு குடும்பத்தில் இருக்கிறான். தாய் போதைப் பழக்கத்திலிருந்து மீளச் சிகிச்சை பெற்று வருகிறார். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அலுவலகத்தில் தாயும் மகனும் ஒரு மணி நேரம் சந்திக்கிறார்கள். தாய் உள்ளே வரும்போது பையன் ஓடிச் சென்று கட்டிக்கொள்வதில்லை. அவர் புறப்படும்போது அழுவதும் இல்லை. 'தாயிடம் இந்தப் பிள்ளைக்கு அட்டாச்மென்ட் (பிணைப்பு) இல்லை என்று எழுதிவிடுங்கள்' என்று உடன் பணிபுரியும் மூத்தவர் ஒருவர் சொல்கிறார். டர்பனுக்கு வடக்கே ஃபீனிக்ஸில் இருக்கும் ஆயா, அதாவது தாயைப் பெற்றவர், பேரனைத் தம்மிடம் தரும்படி கேட்கிறார். சிறுவர் நீதிமன்றத்துக்கு அறிக்கை கொடுக்க இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. பல்கலைக்கழகத்தில் படித்த பிணைப்புக் கோட்பாட்டை இங்கே எப்படிப் பயன்படுத்துவது என்று கேட்கிறார்.

முதலில் நேரான பதிலைச் சொல்லிவிடுகிறேன். அந்த வாக்கியத்தை எழுத வேண்டாம். நீங்கள் பார்த்ததை வைத்துப் பிணைப்பு இல்லை என்று சொல்ல முடியாது. அதைவிடப் பெரிய கவலை ஒன்றும் இருக்கிறது. அப்படி ஒரு வாக்கியம் கோப்பில் ஏறிவிட்டால், அடுத்து வரும் பணியாளர் அதை அப்படியே எடுத்துத் தம் அறிக்கையில் எழுதுவார். அவருக்கு அடுத்தவரும் எழுதுவார். இரண்டு ஆண்டு கழித்து அது யாரும் கேள்வி கேட்காத உண்மையாக நிற்கும்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டவள். பணியில் சேர்ந்த புதிதில், வளர்ப்பு வீட்டுக்கு அனுப்பப்பட்ட மூன்று வயதுச் சிறுமி ஒருத்தியைப் பற்றி, 'புதிய வீட்டில் நன்றாக ஒன்றிவிட்டாள்' என்று எழுதினேன். கொடுத்ததைச் சாப்பிட்டாள், படுக்க வைத்த இடத்தில் தூங்கினாள், கை நீட்டிய எவரிடமும் போனாள், ஒரு நாளும் அழவில்லை. பல மாதங்கள் கழித்து அந்த வளர்ப்புத் தாய்தான் தயங்கித் தயங்கிச் சொன்னார்: 'இவள் விழுந்து முட்டி கிழிந்து ரத்தம் வந்தால்கூட யாரிடமும் வருவதில்லை, சுவரைப் பார்த்து நின்றுகொள்கிறாள்.' அமைதியை நான் நிம்மதி என்று படித்திருந்தேன். அந்த வாக்கியத்தைக் கோப்பிலிருந்து எடுக்க எனக்கு நெடுநாள் ஆயிற்று.

இந்தத் தவறு பழையது; கோட்பாடு பிறந்ததே ஒரு வகையில் இந்தத் தவறைத் திருத்தத்தான். 1940-களிலும் 50-களிலும் இங்கிலாந்து மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்ட குழந்தைகளைப் பெற்றோர் பார்க்க மிகக் குறைந்த நேரமே அனுமதி இருந்தது. குழந்தை முதல் சில நாள் அழும், பிறகு அடங்கிவிடும், எனவே பழகிவிட்டது என்று செவிலியர்கள் நம்பினார்கள். பிணைப்புக் கோட்பாட்டை வகுத்த மனநல மருத்துவர் ஜான் பௌல்பியுடன் பணியாற்றிய ஜேம்ஸ் ராபர்ட்சன் அந்த வார்டுகளில் உட்கார்ந்து பார்த்து, மூன்று கட்டங்களை எழுதி வைத்தார். முதலில் எதிர்ப்பு: பிள்ளை அழுது, கதவைப் பார்த்துத் தாயைத் தேடும். அடுத்து விரக்தி: ஒடுங்கிப் போகும். மூன்றாவது விலகல்: சிரிக்கும், விளையாடும், செவிலியரிடம் போகும், ஆனால் தாய் வந்து நின்றால் தெரியாதவரைப் பார்ப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். இரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி எட்டு நாள் மருத்துவமனையில் இருந்ததை 1952-இல் அவர் படம் எடுத்துக் காட்டியபோது மருத்துவர்கள் பலர் கோபப்பட்டார்கள். ஆனாலும் அந்தப் படமும் அவர் விடாமல் நடத்திய வாதமும் சேர்ந்து, பெற்றோர் வருகை பற்றிய விதிகள் பின்னர் மாறக் காரணமாயின. உங்கள் அலுவலகத்து அறையில் அழாமல் நிற்கும் பையன், அந்த மூன்றாம் கட்டத்தில் நிற்கிறானா என்ற கேள்வியைத்தான் நீங்கள் முதலில் கேட்க வேண்டும்.

பிணைப்பு என்பது அன்பின் அளவு என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். 'அம்மாமேல் பாசம் இருக்கிறதா, இல்லையா' என்று நீதிமன்றமும் கேட்கிறது, குடும்பமும் கேட்கிறது. பௌல்பி சொன்னது அதைவிடக் குறுகலானது, ஆனால் கூர்மையானது. பருந்தின் நிழல் முற்றத்தில் விழுந்ததும் கோழிக்குஞ்சுகள் தாய்க்கோழியின் சிறகுக்குள் ஓடி ஒடுங்குகின்றன அல்லவா, அந்த ஓட்டம்தான் பிணைப்பு. பயம், வலி, நோய், களைப்பு, பிரிவு ஆகியவற்றில் ஒன்று வரும்போது பிள்ளை யாரை நோக்கித் திரும்புகிறது, அங்கே அதற்கு என்ன கிடைக்கிறது என்பதுதான் இந்தக் கோட்பாட்டின் உயிர்நாடி. பயம் தணிந்த பின் அதே சிறகிலிருந்து வெளியே வந்து மண்ணைக் கிளறுவது மற்றொரு பாதி. ஒருவர் பிள்ளைக்குப் புகலிடமாகவும், கால் ஊன்றிப் புறப்படும் இடமாகவும் ஒருங்கே இருக்கிறார். பயமே எழாத ஒரு மணி நேரத்தில் பொம்மைக் காரை உருட்டிக்கொண்டிருக்கும் பிள்ளையைப் பார்த்துப் பிணைப்பை அளப்பது, மழை பெய்யாத நாளில் கூரை ஒழுகுகிறதா என்று பார்ப்பதற்குச் சமம்.

பௌல்பியோடு பணியாற்றிய உளவியலாளர் மேரி எய்ன்ஸ்வர்த்தின் பெயரைப் பாடத்தில் படித்திருப்பீர்கள். அவருடைய முதல் பெரிய கள ஆய்வு நம் கண்டத்தில் நடந்தது என்பதை வகுப்பறைகளில் அதிகம் சொல்வதில்லை. 1954, 55 ஆண்டுகளில் உகாண்டாவில் கம்பாலாவைச் சுற்றியிருந்த கிராமங்களில் 26 குடும்பங்களின் வீடுகளுக்கு மாதக்கணக்கில் திரும்பத் திரும்பச் சென்று, தாய்மார் பிள்ளைகளுக்குப் பாலூட்டுவதையும் தூக்குவதையும் இறக்கி விடுவதையும் பார்த்து எழுதினார். அதன் பிறகே அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், 'அந்நியச் சூழல்' என்று தமிழில் சொல்லத்தக்க அந்த இருபது நிமிடச் சோதனையை உருவாக்கினார்; தாய் சற்று நேரம் வெளியே போய்த் திரும்பி வரும்போது பிள்ளை என்ன செய்கிறது என்று அதில் பார்ப்பார்கள். வீடுகளில் நெடுங்காலம் பார்த்ததன் சுருக்கம்தான் அந்தச் சோதனை. சமூகப் பணியாளராகிய நமக்கு அவரிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த வீட்டு வருகைகள் என்பது என் கருத்து. நாமோ வீட்டை விட்டுவிட்டுச் சோதனையின் பெயர்ச் சீட்டுகளை மட்டும் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறோம்.

அந்தச் சீட்டுகளைச் சுருக்கமாக நினைவூட்டுகிறேன். பிரிந்த தாய் திரும்பி வரும்போது அவரிடம் சென்று ஆறுதல் பெற்று, மீண்டும் விளையாடப் போகும் பிள்ளையின் பிணைப்பு பாதுகாப்பானது. முகத்தைத் திருப்பிக்கொண்டு பொம்மையில் கண் பதிக்கும் பிள்ளையின் பிணைப்பு தவிர்க்கும் வகை. ஒட்டிக்கொண்டே கோபப்பட்டு, எடுத்தாலும் அடங்காத பிள்ளையின் பிணைப்பு ஊசலாடும் வகை. பின்னர் மேரி மெய்னும் ஜூடித் சாலமனும் நான்காவதாக, ஒழுங்கு குலைந்த வகை ஒன்றைச் சேர்த்தார்கள். ஓடி வந்த பிள்ளை பாதி வழியில் உறைந்து நிற்பதுபோன்ற நடத்தைகள் அதில் அடங்கும். இந்த நான்குமே பிணைப்புகள்தாம். தவிர்க்கும் பிள்ளை பிணைப்பில்லாத பிள்ளை ஆகாது. வெளியே அசையாமல் இருக்கும் அந்தக் குழந்தைகளின் இதயத் துடிப்பையும், உமிழ்நீரில் உள்ள கார்ட்டிசால் என்னும் பதற்ற ஹார்மோனையும் அளந்தபோது, உள்ளே அவர்கள் அமைதியாக இல்லை என்று தெரிந்தது. தேவையைக் காட்டினால் ஒதுக்கப்படுவோம் என்று கற்றுக்கொண்ட பிள்ளை, தேவையை மறைத்துப் பக்கத்தில் இருக்கப் பழகியிருக்கிறது.

அந்தச் சோதனை ஏறத்தாழ ஒரு வயதிலிருந்து ஒன்றரை வயது வரையிலான குழந்தைகளுக்காக வடிவமைக்கப்பட்டது. வீடியோவில் பதிந்ததை வினாடி வினாடியாகப் பார்த்துக் குறியிட நீண்ட பயிற்சி வேண்டும், குறியிடுபவர் தேர்வில் தேறியிருக்க வேண்டும். நான்கு வயதுக்கு வேறு முறைகள் உண்டு. அவற்றுக்கும் தனிப் பயிற்சி தேவை. ஒரு பக்கம் தொலைபேசி ஒலிக்க, மறு பக்கம் அடுத்த குடும்பம் காத்திருக்க, கண்ணாடிக் கதவுக்கு வெளியே ஆட்கள் நடமாடும் அறையில், எட்டு மாதப் பிரிவுக்குப் பின் நடக்கும் சந்திப்பைப் பார்த்து, 'தவிர்க்கும் பிணைப்பு' என்றோ 'ஒழுங்கு குலைந்த பிணைப்பு' என்றோ வகைப்படுத்த உங்களுக்கும் எனக்கும் உரிமை இல்லை. 2021-இல் இத்துறை ஆய்வாளர்கள் 70 பேர் சேர்ந்து, நீதிமன்றங்களில் பிணைப்புக் கோட்பாடு தவறாகப் பயன்படுவது குறித்து ஒரு கூட்டறிக்கை வெளியிட்டார்கள். பல பிள்ளைகளை ஒன்றாக வைத்து ஆராய்ந்து வகுத்த வகைகளைத் தனி ஒரு பிள்ளையின் வழக்கில் தீர்ப்புக் கோலாக்குவது பிழை என்பது அதில் அவர்கள் வலியுறுத்தியவற்றுள் ஒன்று. பிள்ளைக்குப் பழக்கமான, போதுமான பராமரிப்புத் தொடர்வதன் மதிப்பையும், ஒருவருக்கு மேற்பட்டோரிடம் பிணைப்பு இருப்பதன் நன்மையையும் அதே அறிக்கை எடுத்துச் சொல்கிறது.

அப்படியானால் கோட்பாட்டை எங்கே பயன்படுத்துவது? கேள்வி கேட்பதில் பயன்படுத்துங்கள். நான் எல்லா வீடுகளிலும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: 'ராத்திரியில் இடி இடித்தால் இவன் யாரிடம் ஓடுவான்?' 2022 ஏப்ரலில் நம் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் பெய்த மழையும் வெள்ளமும் நானூறுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன பிறகு, இந்தக் கேள்விக்கு நம் பகுதி வீடுகளில் பதில் தேடி யோசிக்க வேண்டியதில்லை. 'அண்ணன் போர்வைக்குள் போவான்', 'ஆயா சேலையைப் பிடித்துக்கொள்வான்', 'எழுந்து உட்காருவான், யாரையும் கூப்பிடமாட்டான்' என்று உடனே சொல்வார்கள். காய்ச்சல் வந்தபோது யார் மடியில் படுத்தான், தடுப்பூசி போட்ட அன்று யாரைப் பார்த்து அழுதான், கிரெஷில் (பகல் நேரக் குழந்தைகள் காப்பகத்தில்) விழுந்தபோது ஆசிரியை தூக்கியதும் அடங்கினானா, தெரியாதவர் தூக்கினாலும் அடங்குவானா என்று கேளுங்கள். தாயிடமும், ஆயாவிடமும், வளர்ப்புத் தாயிடமும், கிரெஷ் ஆசிரியையிடமும் தனித்தனியே கேளுங்கள். நான்கு பதில்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பிள்ளை மனத்துக்குள் யார் யாரை எந்த வரிசையில் வைத்திருக்கிறான் என்பது மெல்லத் தெரியவரும்.

உங்கள் சந்திப்புக் குறிப்புகளில் நீங்கள் கண்ணில் கண்டும் கருத்தில் கொள்ளாத ஒரு வரி இருக்கிறது. மூன்றாவது சந்திப்பில் பையன் தரையில் கார்களை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தான் என்றும், தாய்க்கு இருமல் வந்தது என்றும், அவன் தலை நிமிராமலே கார் வரிசையைத் தாயின் நாற்காலிப் பக்கம் நகர்த்தினான் என்றும், பிறகு சந்திப்பு முடியும் வரை அவனுடைய ஷூ தாயின் செருப்பைத் தொட்டுக்கொண்டே இருந்தது என்றும் எழுதியிருக்கிறீர்கள். இருமலைக் கேட்டதும் அருகில் வருகிறான். முகத்தைக் காட்டாமல் காலால் தொடுகிறான். இந்த ஒரு வரியை வைத்துப் பிணைப்பு பாதுகாப்பானது என்று சொல்ல முடியாதுதான். ஆனால் பிணைப்பே இல்லை என்று இனி யாரும் சொல்ல முடியாது. இப்படிப்பட்ட விவரங்களைச் சேர்த்துக்கொண்டு போவதுதான் கோட்பாட்டைப் பயன்படுத்துவது.

அறிக்கையில் இதை எப்படி எழுதுவது? கண்டதைக் கண்டபடி, தேதியோடு எழுதுங்கள். 'ஐந்து சந்திப்புகளில் நான்கில் பையன் தாயின் முகத்தை முதல் பத்து நிமிடம் பார்க்கவில்லை. மூன்றாவது சந்திப்பில் தாய் இருமியபோது அருகில் நகர்ந்து, சந்திப்பு முடியும் வரை கால் படும்படி உட்கார்ந்திருந்தான். ஒவ்வொரு சந்திப்புக்குப் பிறகும் இரண்டு இரவு படுக்கையை நனைக்கிறான் என்று வளர்ப்புத் தாய் தெரிவிக்கிறார்' என்பதுபோல் எழுதினால் நீதிபதி அதைப் படித்துத் தம் முன்னால் அந்த அறையைக் காண்பார். அடுத்து, இதற்கு எத்தனை விளக்கங்கள் பொருந்தும் என்பதைச் சொல்லி, எது அதிகம் பொருந்துகிறது, ஏன் என்று எழுதுங்கள். பையன் நீண்ட பிரிவில் தன்னைக் காத்துக்கொள்ள விலகியிருக்கலாம். சந்திப்பு அறையே அவனுக்கு அச்சம் தரலாம். சிகிச்சைக்கு முன்னான நாள்களில் தாயின் முகம் ஒரு நாள்போல் மறுநாள் இல்லாததை அவன் பார்த்திருக்கலாம். மனநல நிபுணர் பார்க்க வேண்டும் என்று தோன்றினால் அதைப் பரிந்துரையாக எழுதுங்கள். பிணைப்புக் கோளாறு என்ற நோய்ப் பெயரை நாம் எழுதக் கூடாது. அது கடுமையான புறக்கணிப்பில், குறிப்பாக மாறி மாறி ஆட்கள் பார்க்கும் விடுதிகளில் வளர்ந்த பிள்ளைகளில் சிலருக்கு மட்டுமே வரும் அரிய நிலை. அதைக் கண்டறிவது மனநல மருத்துவரின் அல்லது உளவியலாளரின் வேலை. பிள்ளையை வலுக்கட்டாயமாகப் பிடித்து அமுக்கிப் 'பிணைப்பை உண்டாக்கும்' சிகிச்சை என்று எவரேனும் சொன்னால் அந்தப் பக்கமே போக வேண்டாம். அத்தகைய ஒன்றில் 2000-ஆம் ஆண்டு அமெரிக்காவின் கொலராடோவில் பத்து வயதுச் சிறுமி ஒருத்தி மூச்சுத் திணறி இறந்தாள்.

ஆயாவின் கோரிக்கைக்கு வருகிறேன். இங்கே நம் வீடுகளின் இயல்பு தெரிந்தவர் கோட்பாட்டைப் படிக்கும் விதமே வேறாக இருக்கும். ஆயா, பெரியம்மா, சின்னம்மா, மாமி என்று பல கைகளில் வளரும் பிள்ளைக்குப் பிணைப்பும் பல. பௌல்பியும் ஒரே ஒருவர்தான் என்று சொல்லவில்லை. பல பேர் இருப்பார்கள், அவர்களுக்குள் ஒரு முன்வரிசை இருக்கும் என்றார். அந்த முன்வரிசையில் இரத்த உறவு இல்லாதவர்களும் இருப்பார்கள். நான் பார்த்த ஒரு குடும்பத்தில், ஆறு ஆண்டு அந்த வீட்டில் வேலை செய்த சுலு அம்மையாரைப் பிள்ளைகள் 'கோகோ' (சுலு மொழியில் பாட்டி) என்று அழைத்தார்கள். கடையவள் இரவில் அழுதால் கேட்ட பெயர் அதுதான். குடும்ப மரம் வரைந்து கொடுத்த அறிக்கையில் அவர் பெயர் எங்கும் இல்லை. பிள்ளையை வேறு இடத்துக்கு மாற்றியபோது அவருக்கு யாரும் சொல்லக்கூட இல்லை. ஆகவே மரத்தை வரையும் முன்னர், இடி இடிக்கும் இரவுக் கேள்வியைக் கேட்டுவிடுங்கள்.

சட்டமும் இதைத்தான் எதிர்பார்க்கிறது. 2005-ஆம் ஆண்டின் 38-ஆம் எண் சிறுவர் சட்டத்தின் 7-ஆம் பிரிவு, பிள்ளையின் நலனை முடிவு செய்யும்போது கருத வேண்டியவற்றில், பெற்றோரிடமிருந்து மட்டுமல்லாமல், உடன்பிறந்தாரிடமிருந்தும் தன்னோடு வாழ்ந்துவந்த எந்தப் பராமரிப்பாளரிடமிருந்தும் பிரிப்பதால் பிள்ளைக்கு நேரக்கூடிய விளைவையும் சேர்க்கிறது. எனவே உங்கள் வழக்கில் தராசின் இரு பக்கமும் கனமானவை. ஆயா இந்தப் பையனின் முதல் மூன்று ஆண்டுகளில் எவ்வளவு நாள் உடன் இருந்தார் என்பது ஒரு பக்கம். எட்டு மாதத்தில் வளர்ப்புத் தாயிடம் அவன் என்ன கட்டிக்கொண்டிருக்கிறான் என்பது மறு பக்கம். புதிய பிணைப்பு வந்தால் பழையது அழிந்துவிடும் என்ற எண்ணம் தவறு. ஆயாவிடம் மாற்றுவதே சரி என்று முடிவானால், ஒரே நாளில் பையைக் கட்டி அனுப்பாதீர்கள். ஆயா வளர்ப்பு வீட்டுக்கு வந்து அவனுக்குச் சோறு ஊட்டட்டும். பிறகு ஃபீனிக்ஸில் ஒரு பகல், பிறகு ஓர் இரவு. மாறிய பின்னரும் வளர்ப்புத் தாய் அவனை வந்து பார்க்கட்டும். ஆயாவின் வயது, உடல்நிலை, தன் மகளை வீட்டுக்குள் விடுவதா இல்லையா என்பதில் அவருக்கு இருக்கும் உறுதி ஆகியவற்றையும் நேர்மையாகப் பேசுங்கள். 'மகளை வளர்த்தவர் இவர்தானே, மகள் இப்படி ஆகிவிட்டாளே' என்ற வாதத்தைக் கோட்பாட்டின் பெயரால் யாரேனும் வைத்தால் மறுத்துப் பேசுங்கள். கடினமான இளமையைக் கடந்தவர்கள் அதைப் பற்றி மறைக்காமல், குழம்பாமல் பேச முடிந்தால், தம் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பைக் கொடுக்கவும் முடிகிறது என்பது வளர்ந்தவர்களை நேர்கண்டு செய்த ஆய்வுகளில் தெரிந்த செய்தி. ஆயா தன் மகளைப் பற்றி எப்படிப் பேசுகிறார் என்று கேளுங்கள்: எல்லாம் நன்றாகத்தான் இருந்தது என்று மூடிவிடுகிறாரா, அல்லது 'அந்த வருஷம் நான் கவனிக்கத் தவறினேன்' என்று சொல்ல முடிகிறதா?

தாயைக் குற்றவாளியாக்கும் கருவியாக இந்தக் கோட்பாடு மாறுவதை நான் பலமுறை பார்த்து வருந்தியிருக்கிறேன். பிரிவைச் சட்டமாக்கி வைத்திருந்த நாடு இது. சுரங்கத்துக்கும் நகரத்துக்கும் பெற்றோரை அழைத்துக்கொண்டு பிள்ளைகளை ஊரில் விடவைத்தது. இன வாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த 1950-ஆம் ஆண்டின் குழுப் பகுதிச் சட்டத்தால் நம் முன்னோரை வீடுகளிலிருந்து பெயர்த்துச் சாட்ஸ்வொர்த்திலும் பின்னர் ஃபீனிக்ஸிலும் குடியேற்றியபோது, ஒரே கூரையின் கீழ் இருந்த ஆயாவும் பெரியம்மாவும் வேறு வேறு தெருக்களுக்குப் போனார்கள். பல கைகள் ஒரு கையானது அப்படித்தான். வறுமையும் நெருக்கடியும் இருக்கும் இடத்தில் பிணைப்பு கெட்டே இருக்கும் என்று எண்ணுவோருக்கு, கேப் டவுனை அடுத்த கயலிட்ஷாவில் செய்து 2005-இல் வெளியான ஆய்வைக் காட்டுங்கள். அங்கே 18 மாதக் குழந்தைகளில் ஏறத்தாழ 62 விழுக்காட்டினரின் பிணைப்பு பாதுகாப்பானதாக இருந்தது. ஏறத்தாழ 26 விழுக்காட்டினரிடம் ஒழுங்கு குலைந்த பிணைப்பு காணப்பட்டது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. தாய்மாரின் மனச்சோர்வு அந்த ஆய்வில் கவலைக்குரிய காரணங்களில் ஒன்று. ஒழுங்கு குலைந்த நடத்தையைக் கண்டதும் கொடுமை நடந்திருக்கிறது என்று முடிவு கட்டுவதும் தவறு. பயந்த, துக்கத்தில் இருக்கும் பெற்றோரிடமும் அது தோன்றும். நீண்ட பிரிவுகளும் அதற்குக் காரணமாகலாம்.

அதே கயலிட்ஷாவில் அடுத்து நடந்ததுதான் நமக்கு மிக முக்கியமானது. 449 கர்ப்பிணிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரின் வீடுகளுக்கு, அந்தப் பகுதியிலேயே வாழும், சிறப்புப் பட்டம் எதுவும் இல்லாத, பயிற்சி பெற்ற பெண்கள் பிரசவத்துக்கு முன்பிருந்து குழந்தைக்கு ஆறு மாதமாகும் வரை சென்று வந்தார்கள். குழந்தை என்ன காட்டுகிறது என்று தாயோடு சேர்ந்து பார்ப்பதுதான் அவர்களின் வேலை. 18 மாதத்தில் அந்தப் பிரிவில் 74 விழுக்காட்டுக் குழந்தைகளின் பிணைப்பு பாதுகாப்பானதாக இருந்தது. மற்றப் பிரிவில் 63 விழுக்காடு. 2009-இல் வெளியான இந்த முடிவை நான் பயிற்சி வகுப்புகளில் ஒவ்வொரு முறையும் சொல்கிறேன். பிணைப்பை அளப்பதைவிட அதை வளர்ப்பதற்கு நம்மிடம் அதிக வழி இருக்கிறது.

ஆகவே இந்த ஐந்து வாரத்தில் சந்திப்புகளைச் சும்மா மேற்பார்வை பார்க்காமல், தாய்க்கு உதவும் நேரமாக மாற்றுங்கள். இனிப்புப் பையோடு வந்து, முத்தம் கேட்டு, கிடைக்காமல் முகம் வாடும் தாயை நீங்கள் பார்த்திருப்பீர்கள். சந்திப்புக்கு முன் பத்து நிமிடம் அவரோடு உட்காருங்கள். 'அவன் உங்களைப் பார்க்காமல் இருப்பது கோபமாகவும் இருக்கலாம், பயமாகவும் இருக்கலாம். வெறுப்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நாற்காலியை விட்டுத் தரையில் உட்காருங்கள், அவன் காரை எங்கே ஓட்டுகிறானோ அதைப் பற்றிப் பேசுங்கள், அவன் கால் உங்கள் காலைத் தொட்டால் நகராதீர்கள்' என்று சொல்லிக் கொடுங்கள். புறப்படும் நேரம் இதைவிட முக்கியம். பிள்ளை அழக் கூடாது என்று, அவன் விளையாடிக்கொண்டிருக்கும்போது கண் மறைவாக நழுவிப் போவது நம் வீடுகளில் ஊறிப்போன பழக்கம். 'அம்மா கடைக்குப் போயிருக்கிறாள்' என்று பின்னர் சொல்வதும் அப்படியே. அன்றைய அழுகை மிச்சமாகும். ஆனால் எந்த நிமிடம் அம்மா மறைந்து போவாளோ என்று பிள்ளை அடுத்த முறை தலை நிமிராமல் உட்காரக் கற்றுக்கொள்ளும். தாய் சொல்லிக்கொண்டுதான் போக வேண்டும், எப்போது வருவார் என்றும் சொல்ல வேண்டும். சொன்ன நாளில் வர வேண்டும். வர முடியாவிட்டால் தொலைபேசியில் பேச வேண்டும். ஒரு நாள் அவன் அவர் போகும்போது அழுதால், அதைப் பின்னடைவு என்று எழுதிவிடாதீர்கள். மறைத்து வைத்த தேவையை அவன் மீண்டும் வெளியே காட்டத் துணிந்திருக்கிறான் என்பதாகவும் அது இருக்கலாம்.

வளர்ப்புத் தாயை நாம் எப்போதும் மறந்துவிடுகிறோம். சந்திப்புக்குப் பிறகு இரண்டு நாள் அவன் அடிக்கிறான், படுக்கையை நனைக்கிறான், எனவே சந்திப்பையே நிறுத்துங்கள் என்று அவர் கேட்கக்கூடும். அவர் சொல்வதைக் குறையாக எண்ண வேண்டாம். இரவில் எழுந்து விரிப்பு மாற்றுபவர் அவர்தான். வளர்ப்புப் பராமரிப்பிலுள்ள குழந்தைகளைப் பற்றி உளவியலாளர் மேரி டோசியர் பல ஆண்டு செய்த பணியில் கண்டது இங்கே உதவும்: புண்பட்ட பிள்ளை ஆறுதல் தேவைப்படும் நேரத்திலேயே பராமரிப்பவரைத் தள்ளிவிடுகிறது, பராமரிப்பவரும் 'இவனுக்கு நான் தேவையில்லை' என்று இயல்பாகவே விலகுகிறார். அந்த விலகலைத் தடுப்பதுதான் நம் வேலை. அவன் முட்டியில் அடிபட்டு வராவிட்டாலும் நீங்கள் போய் அருகில் குந்துங்கள், அவன் கேட்காவிட்டாலும் தைலம் தடவுங்கள், தள்ளினால் ஓரடி தள்ளி அங்கேயே இருங்கள் என்று அவருக்குச் சொல்லுங்கள். தாயின் படம் ஒன்று அவன் படுக்கைப் பக்கத்தில் இருக்கட்டும்.

காலம் பற்றி ஒரு சொல். பிள்ளையை வளர்ப்புப் பராமரிப்பில் வைக்கும் சிறுவர் நீதிமன்ற ஆணை பொதுவாக இரண்டு ஆண்டுக்கு மேல் செல்லாது, பிறகு நீட்டிக்க வேண்டும். நீட்டிப்புகள் குவிந்து, காலாவதியாகும் ஆணைகளைக் காக்க 2011-இல் உயர் நீதிமன்றம் தலையிடும் நிலை வந்ததை மூத்தவர்கள் மறக்கவில்லை. பெரியவர்களின் இரண்டு ஆண்டு பிள்ளைக்கு அவன் வாழ்நாளில் பாதி. ருமேனியாவின் புகாரெஸ்ட் நகர விடுதிகளிலிருந்த 136 குழந்தைகளைப் பின்தொடர்ந்த ஆய்வில், குடும்பப் பராமரிப்புக்கு மாற்றப்பட்டவர்களில், ஏறத்தாழ இரண்டு வயதுக்குள் மாறியவர்களிடம் பிணைப்பு கூடுதலாகத் தேறியது. அதற்குப் பின் கதவு மூடிவிடும் என்று அதற்குப் பொருள் இல்லை. ஆனாலும் காத்திருப்பதற்கு விலை உண்டு என்பதையும், ஒவ்வொரு இடமாற்றமும் ஓர் இழப்பு என்பதையும் அறிக்கையில் நேரடியாகச் சொல்லலாம்.

நீங்களும் அந்தப் பையனின் உலகில் ஓர் ஆள்தான். எட்டு மாதத்தில் அவனுக்கு நீங்கள் இரண்டாவது சமூகப் பணியாளர் என்று எழுதியிருக்கிறீர்கள். வரும் நாளைச் சொல்லி, அந்த நாளில் வாருங்கள். வழக்கு வேறொருவருக்கு மாறுமானால், புதியவரை அழைத்துச் சென்று அறிமுகம் செய்து, போகிறேன் என்று அவனிடமே சொல்லிவிட்டுப் போங்கள். எண்பது, நூறு கோப்புகளைச் சுமப்பவருக்கு இது எளிதல்ல என்பது எனக்குத் தெரியும்.

அடுத்த சந்திப்புக்கு முன், வளர்ப்புத் தாயிடமும் ஆயாவிடமும் இடி இடிக்கும் இரவைப் பற்றிக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கண்ணாடிக் கதவில்லாத அறையைக் கேட்டு வாங்குங்கள். அதே கார்களை அதே இடத்தில் வையுங்கள். தாயிடம் தரையில் உட்காரச் சொல்லுங்கள். அவர் வந்த முதல் ஐந்து நிமிடத்தையும் புறப்பட்ட பின் ஐந்து நிமிடத்தையும் வேறு எதுவும் செய்யாமல் பார்த்து எழுதுங்கள். அந்தக் குறிப்புகளோடு வரைவை எனக்கு அனுப்பினால், மேற்பார்வையாளரிடம் கொடுக்கும் முன் வரி வரியாகப் படித்துத் தருகிறேன்.